தளர்த்தி வைத்த தந்திகள்

1967ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இருபத்து மூன்றாம் நாள், சனிக்கிழமை முற்பகலில், அல்சாஸில், இல் என்னும் ஆற்றின் கரையில் உள்ள குன்ட்ஸ் பண்ணையாரின் புல்வெளியில் இரண்டு வண்டிவீடுகளும் ஒரு பழைய லாரியும் நின்றிருந்தன. திராட்சை அறுப்பு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. வண்டிவீடுகளில் ஒன்று ப்ளூமாவுடையது. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. கூடை முடைவது தொழில். கணவனைப் போரில் இழந்தவள். மற்றொன்றில் அவளுடைய தம்பி மெங்கோவும் அவன் மனைவி பாபெட்டும் குடியிருந்தார்கள். மெங்கோ கிட்டார்க் கலைஞன். ஆனால் மூன்று ஆண்டுகளாக அவன் கிட்டாரைத் தொடவில்லை. இரண்டு நாள்களுக்கு முன்பு ஸ்திராஸ்பூரிலிருந்து ஓர் உணவக முதலாளி காரில் வந்து, குளிர்காலம் முழுவதும் தம் நடனக்கூடத்தில் வாசிக்கும்படி அவனை அழைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். இந்த நிலையில்தான், கூடைக்கான வில்லோ மிலாற்றைச் சீவிக்கொண்டிருந்த மெங்கோ, தன் இடக்கைச் சுட்டுவிரல் நுனியைக் கத்தியால் ஆழமாக அறுத்துக்கொண்டான்.

ப்ளூமா பிளம்ஸ் சாராயப் புட்டியையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"கையைக் காட்டுடா."

"ஒண்ணுமில்லக்கா. மிலாறு தண்ணி கேட்டுச்சு. பக்கத்துல தண்ணி இல்ல, ரத்தம் குடுத்தேன்."

"நாப்பத்தொம்பது வயசாச்சு, ஒரு மிலாறு சீவத் தெரியல. உன்னைய யாருடா கூடை பின்னச் சொன்னது?"

"சும்மா உக்காந்திருந்தா பாபெட் என்னையக் கோழிகளோட சேத்து எண்ணுறா."

அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த பாபெட் திரும்பாமலே சொன்னாள்: "கோழியாவது முட்டை போடுது."

மெங்கோ சிரித்தான். சாராயம் காயத்தில் பட்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. ப்ளூமா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, காயம் படாத மற்ற விரல்களின் நுனிகளைத் தன் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒரு காலத்தில் அந்த நுனிகள் கொம்புபோல் காய்த்திருந்தன. தீக்குச்சியை அவற்றின்மேல் உரசிப் பற்றவைத்துக் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவான். இப்போது அவை ஊறவைத்த பயறுபோல் மெத்தென்றிருந்தன. அவள் பார்த்ததை அவன் பார்த்தான். கையை மெல்ல உருவிக்கொண்டான்.

"ஸ்திராஸ்பூர்க்காரருக்கு என்ன சொல்லப்போற?"

"பாக்கலாம்."

"அவர் பாக்குறதுக்கு வரல. கேக்குறதுக்கு வந்தாரு."

"பாக்கலாம்க்கா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்க வழியில்லை. ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டால் அது இறந்தவனைப் பற்றிக் கேட்பதாகும். ஜிப்சிகளில் ஒரு பிரிவினரான மனுஷ் மக்கள் இறந்தவனைப் பற்றிப் பேசுவதில்லை.

அவர்களுடைய இளைய தம்பி 1964ஆம் ஆண்டு அக்டோபரில் மார்பில் நீர் கோத்து இறந்துபோனான். அவன் பெயரை அதன் பிறகு அந்தப் புல்வெளியில் யாரும் சொன்னதில்லை. ஆகவே இங்கும் அது சொல்லப்படவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே அவனுடைய வண்டிவீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவன் துணிமணிகள், தட்டு, கத்தி, கிட்டார் எல்லாம் அதற்குள் இருந்தன. அண்ணன் தம்பி இருவரும் வாசித்த இசைத்தட்டுகளில் குடும்பத்திடம் இருந்த அத்தனையும் அதே தீயில் போயின. அதோடு முடிவதில்லை. இறந்தவனுக்கு மிக நெருங்கியவர்கள், அவன் விரும்பிய ஏதேனும் ஒன்றைத் தாங்களே விட்டுவிடுவார்கள். என்ன விட்டேன், எவ்வளவு காலத்துக்கு விட்டேன் என்று எவரும் அறிவிப்பதில்லை. ஒருநாள் மீண்டும் தொடங்கினால் துக்கம் நிறைந்தது என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். தொடங்கச் சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது.

மெங்கோ அன்று தன் கிட்டாரின் ஆறு தந்திகளையும் தளர்த்திப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினான். ப்ளூமா பிளம்ஸ் அடையை விட்டாள். இளையவன் செப்டம்பர் வந்துவிட்டால் அந்த அடைக்காக ஊரையே இரண்டாக்குவான். இறந்தவனின் மனைவி தித்தா பாட்டை விட்டாள். துணி துவைக்கும்போதும் கோழி உரிக்கும்போதும் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தவள் அவள். கணவன் இறந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்த மகள் பெர்லா, தாலாட்டு என்ற ஒன்றைக் கேட்காமலே வளர்ந்தாள். தாயும் மகளும் ப்ளூமாவின் வண்டிவீட்டில்தான் இருந்தார்கள். தித்தா குழந்தையை மடியில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுப்பாள். வாய் மட்டும் திறக்காது. வெறும் தட்டல் ஓசையிலேயே அந்தக் குழந்தை தூங்கிப்போகும்.

வண்டிவீட்டின் படியில் அமர்ந்து கூடைக்கு அடிப்பின்னல் போடும்போது கைகள் தாமாக வேலை செய்யும்; மனம் எங்கும் போகலாம். அதை யாரும் தடுத்ததில்லை. வாயால் பேசக் கூடாதே தவிர, நினைக்கக் கூடாது என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை.

போர்க்காலத்தில் அவர்களை அல்சாஸை விட்டுத் துரத்தி, தெற்கே கடலோரத்து முள்வேலிக்குள் அடைத்தார்கள். ஓயாத காற்று, வாயைத் திறந்தால் மணல். மூன்று தந்திகள் மட்டும் மிஞ்சிய ஒரு கிட்டார் மெங்கோவிடம் இருந்தது. பதினான்கு வயதான இளையவனிடம் எதுவும் இல்லை. அவன் ஒரு பலகைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு விரல்களால் தாளம் அடிக்கத் தொடங்கினான். அடி கனமாக, அடுத்தது மெலிதாக, ஒருநாளும் பிசகாமல். "இந்தப் பலகை என்ன சுருதிடா?" என்று மெங்கோ கேட்பான். "பசி சுருதி" என்பான் அவன். விடுதலையாகி வந்தபின் அந்தத் தாளம் பலகையிலிருந்து கிட்டாருக்கு ஏறியது. மெங்கோ ராகம் வாசிப்பான். இளையவன் தாள கிட்டார் பிடிப்பான். மெங்கோவின் வலக்கையில் இருந்த ஆமையோட்டுத் துண்டு தந்திகளின்மேல் மழைபோல் இறங்கும். இளையவனின் தாளம் அதற்கு அடியில் தரையாகக் கிடக்கும். தரை இருப்பதை நடப்பவன் நினைப்பதில்லை.

முதலில் கிராமத்து நடனங்கள், பிறகு ஸ்திராஸ்பூர் உணவகங்கள், ரைன் நதிக்கு அப்பால் அமெரிக்கச் சிப்பாய்களின் மன்றங்கள். விசிலடித்துக் காலால் தரையை உதைக்கும் அந்தச் சிப்பாய்கள் கொடுத்த காப்பிப் பொடி டப்பாக்கள் வண்டிவீட்டுப் பலகைகளில் அடுக்கடுக்காக நின்றன. 1955இல் பாரீஸுக்கு அழைப்பு வந்தது. இருவரும் ஓர் இசைத்தட்டு பதிந்தார்கள். விடுதியில் போட்ட அறையில் இளையவனுக்குத் தூக்கம் வரவில்லை. தலைக்குமேல் இன்னொருவன் நடக்கும் வீட்டில் எப்படிக் கண்ணை மூடுவது என்று கேட்டான். இருவரும் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு நகரத்து விளிம்பில் இருந்த உறவினரின் வண்டிவீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். பதிவுக்குப் பிறகு கம்பெனிக்காரர் மெங்கோவை மட்டும் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குக் கேட்டார். தாளத்துக்குப் பாரீஸிலேயே வேறு நல்ல ஆள்கள் உண்டு என்றார். மெங்கோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அப்ப ராகத்துக்கும் வேற நல்ல ஆள்கள் இருப்பாங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். இதை ப்ளூமாவிடம் சொன்னவன் மெங்கோ அல்லன், இளையவன்தான். சொல்லும்போது சிரித்தான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரியின் சக்கரத்தைத் துடைக்கத் தொடங்கினான். அது ஏற்கெனவே துடைத்த சக்கரம்.

திங்கட்கிழமை அறுப்பு தொடங்கியது. குன்றின் சரிவில் கொடிவரிசைகள். காலையில் பனியில் நனைந்த இலைகள். பத்து மணிக்குள் விரல்களெல்லாம் பழச்சாறு ஒட்டிப் பிசுபிசுத்தன. பெண்கள் வெட்டினார்கள். நிறைந்த கூடைகளை மெங்கோ முதுகில் சுமந்து சரிவில் இறங்கி வண்டியில் கொட்டினான். கட்டுப் போட்ட விரலை மடக்காமல் நீட்டியே வைத்திருந்ததால் யாரையோ சுட்டிக் குற்றம் சாட்டுபவனைப்போல் தோன்றினான்.

"உங்க தம்பி என்னைக் காட்டுறாரா, கடவுளைக் காட்டுறாரா?" என்றாள் பாபெட்.

"உன்னைத்தான் இருக்கும். கடவுள் என்ன செஞ்சாரு?"

பாபெட் கத்தரியை நிறுத்தினாள். இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, நான் எதுவும் கேக்கல. கேக்கவும் மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். நேத்து அவரு கட்டிலுக்கடியில கையை விட்டு அந்தப் பெட்டியைத் தொட்டுப் பாத்தாரு. திறக்கல. தொட்டாரு, அவ்வளவுதான். அப்புறம் ஜன்னல் வழியா உங்க வண்டிவீட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு."

"என் வண்டிவீட்டுல என்ன இருக்கு பாக்க?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"நான் அவனைப் பிடிச்சு வச்சிருக்கேனா?"

"யாரு சொன்னா? நான் திராட்சை வெட்டுறேன்" என்று பாபெட் மீண்டும் கத்தரியை எடுத்தாள்.

ப்ளூமாவும் கத்தரியை எடுத்து அந்த வரிசையை வெட்டி முடித்தாள். மெங்கோ தன்னைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் மூத்தவள். அவள் தன் துக்கத்தை நிறைவு செய்யுமுன் தான் கிட்டாரை எடுப்பது மரியாதையில்லை என்று அவன் நினைக்கிறான். அப்படியானால் அவள் ஒரு துண்டு பிளம்ஸ் அடையை எல்லோர் முன்னிலையிலும் தின்றால் போதும், வழி திறந்துவிடும். ஆனால் அதை எப்படித் தின்பாள்? நான்கு கொடிகளுக்கு அப்பால் தித்தா வெட்டிக்கொண்டிருந்தாள். கறுப்பு முக்காட்டுக்குள் உதடுகள் இறுக மூடியிருந்தன. அருகில் கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்து பெர்லா திராட்சையைக் கன்னம் முழுவதும் அப்பிக்கொண்டிருந்தாள். மனைவியே இன்னும் வாய் திறக்காதபோது, நாத்தனார் அடை சுட்டுத் தின்பதா? முடியாது. எதற்கும் ஒரு முறை உண்டு. மூன்று ஆண்டுகளில் தம்பியின் விரல்கள் மெத்தென்றாகிவிட்டன. இந்தக் குளிர்காலமும் போனால் அவை திரும்பமாட்டா. அது ப்ளூமாவுக்குத் தெரியும். தெரிந்தும் முறையை மீற அவளால் இயலவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் உணவுக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. குன்ட்ஸ் பண்ணையார் வேலையை நிறுத்தினார். நனைந்த சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் சரிவிறங்கிப் பாலத்தடிக் காப்பிக்கடைக்குப் போனார்கள். கடைக்காரி ஓடில் ஓர் அல்சாஸ் விதவை. மனுஷ் இனத்தவள் அல்லள். இருபது ஆண்டுப் பழக்கம். ஒவ்வொரு செப்டம்பரிலும் ப்ளூமா அவளுடைய அடுப்பில்தான் பிளம்ஸ் அடை சுடுவது வழக்கம். மூன்று ஆண்டுகளாக ஏன் வரவில்லை என்று அவள் கேட்டதற்கு, "பல்லு வலி" என்று ப்ளூமா சொல்லியிருந்தாள். உண்மையை விளக்கப் புகுந்தால் இறந்தவனைப் பேசவேண்டி வரும்.

"வாங்க வாங்க. நனைஞ்ச பூனைங்க மாதிரி இருக்கீங்க" என்று ஓடில் ரம் கலந்த காப்பியும் குழந்தைக்குச் சூடான பாலும் கொண்டுவந்தாள். "பல்லு எப்படியிருக்கு, ப்ளூமா?"

"இருக்கிற இடத்துல இருக்கு."

"மெங்கோ, விரலுக்கு என்ன?"

"காஜோ மிலாறு. நம்மாளுங்களைக் கண்டா கடிக்குது."

மனுஷ் அல்லாதவர்களைக் காஜோ என்பார்கள் என்பது ஓடிலுக்குத் தெரியும்; சிரித்தாள். இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மூலையைக் காட்டினாள். அங்கே பளபளவென்று ஜூக்பாக்ஸ் என்னும் பாட்டுப்பெட்டி ஒன்று நின்றது.

"கொல்மார்ல ஒருத்தர் கடையை மூடுறாருன்னு பழசா வாங்கினேன். உள்ள இருந்த தட்டுகளும் சேந்தே வந்துச்சு. ஒண்ணொண்ணாப் பாத்துட்டிருந்தேன். என்ன இருந்துச்சு தெரியுமா? சொல்லமாட்டேன். கேளுங்க."

அவள் நெஞ்சில் துளியும் கள்ளமில்லை. அவளுடைய மக்களிடையே இறந்தவரின் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள்; அவர் பாடிய பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விடுவார்கள்; அதுதான் மரியாதை. அவள் பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் இரும்புக் கை ஒன்று நகர்ந்து தட்டை எடுத்து வைத்தது. ஒரு கரகரப்பு. பிறகு தாள கிட்டார் மட்டும் தனியாக எழுந்தது. அடி கனமாக, அடுத்த இரண்டும் மெலிதாக. அது இளையவனே கட்டிய வால்ட்ஸ் என்னும் மூன்றடித் தாள நடன இசை.

ராகம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவன் படியேறி வரும் காலடியில் அவனைத் தெரிந்துகொள்வதைப் போன்றது அது. பாபெட் வாயைப் பொத்திக்கொண்டாள். மெங்கோ எழுந்தான், கதவுப் பக்கம் இரண்டடி வைத்தவன் அங்கேயே நின்றுவிட்டான். எல்லாத் தட்டுகளையும் எரித்துவிட்டோம் என்று மூன்று ஆண்டுகள் நிம்மதியாக இருந்திருக்கிறோமே என்று ப்ளூமா திகைத்தாள். காஜோக்கள் ஒன்றைச் செய்தால் ஓராயிரம் செய்வார்கள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போயிற்று.

"நிறுத்து!" என்றாள்.

"ஏன், நல்லாயில்லையா?" என்று ஓடில் விழித்தாள்.

ப்ளூமா நாற்காலியைத் தள்ளிவிட்டு மூலைக்குப் போனாள். சுவரில் செருகியிருந்த மின்கம்பியைப் பற்றினாள். அதற்குள் ராகம் உயர்ந்துவிட்டது. மெங்கோவின் பழைய விரல்கள், கொம்புபோல் காய்த்த அந்த விரல்கள், தந்திகளின்மேல் ஏறி ஏறிப் போயின. அந்த உச்சியில் ஒரு குரல் சிரிப்போடு கேட்டது. வாசிக்கும்போது தம்பி அண்ணனை உசுப்பிவிடும் குரல்.

"விடாதேண்ணே! விடாதே!"

கம்பியைப் பிடித்த கையின்மேல் ஒரு கை விழுந்தது. தித்தாவின் கை. குளிர்ந்து, திராட்சைச் சாற்றில் பிசுபிசுத்திருந்தது.

"இருக்கட்டும் மதினி."

"தித்தா..."

"முடியட்டும்."

பெர்லா பாலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்து, அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பெட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"யாரும்மா பேசுறா?"

வால்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கூரையில் மழை ஓயவில்லை. தித்தா முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"உங்க அப்பா."

குழந்தை கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தது.

"எதை விடாதேங்கிறாரு?"

"கிட்டாரை. பெரியப்பாவைப் பாத்துச் சொல்றாரு."

பெர்லா திரும்பிக் கதவருகே நின்ற மெங்கோவைப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அவன் கையில் கிட்டாரைக் கண்டதில்லை. பெரியப்பா கூடை சுமப்பார், மீன் பிடிப்பார், தீக்குச்சி இல்லாமல் அலைவார். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"பெரியப்பா, நீங்க விட்டுட்டீங்களா?"

மெங்கோ கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான். தட்டு முடிந்தது. இரும்புக் கை அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது. ஓடில் ஒருவர் முகம் மாற்றி ஒருவர் முகம் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு யாராவது சொல்லுங்களேன்!"

"நீ தப்பு செய்யல" என்றாள் ப்ளூமா. அதைச் சொல்லும்போது அவள் இன்னும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். "எனக்குப் பல்லு வலியும் இல்ல. உக்காரு ஓடில்."

ஓடில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தாள். தித்தா உட்காரவில்லை. மெங்கோ திறந்து விட்டுச் சென்ற கதவைச் சாத்தினாள். வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மதினி, நான் வாழ வந்தவ. வயசுலயும் சின்னவ. நீங்க கூடப் பிறந்தவங்க. நீங்க ரெண்டு பேரும் நிறைவாக்காம நான் எப்படி வாயைத் திறப்பேன்? ஒவ்வொரு செப்டம்பரும் நீங்க அடை சுடுவீங்கன்னு பாத்தேன். போன வருஷம் பிளம்ஸ் வாங்கிட்டு வந்தீங்க. அன்னிக்கு நினைச்சேன், இன்னிக்குத்தான்னு. நீங்க அதைப் பக்கத்து ஊர்க்காரிக்குக் குடுத்துட்டீங்க."

"உன்னைப் பாத்துத்தான்டி குடுத்தேன்! நீ வாயை இறுக்கி மூடிக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்த. உன் முன்னால நான் எப்படித் தின்பேன்?"

"நான் உங்களைப் பாத்துத்தான் மூடியிருந்தேன்."

பாபெட் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லாயிருக்கு. அவரு உங்களைப் பாத்தாரு, நீங்க இவளைப் பாத்தீங்க, இவ உங்களைப் பாத்தா. மூணு குளிர்காலம் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துட்டே இருந்திருக்கீங்க. நான் ஒருத்திதான் சமையலைப் பாத்தேன்."

யாரும் சிரிக்க நினைக்கவில்லை. ஆனாலும் முதலில் தித்தாவிடமிருந்து ஒரு சிறு ஓசை புறப்பட்டது, பிறகு ப்ளூமாவிடமிருந்தும். அது சிரிப்பா அழுகையா என்று ஓடிலுக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் எல்லோருக்கும் இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினாள்.

ப்ளூமா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மரியாதை என்று எதைக் கட்டிக் காத்தோமோ அதுவே தம்பியின் கையைத் தின்றுகொண்டிருந்தது என்பதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக முறை தவறானது என்று அவள் நினைக்கவில்லை. முறை சரிதான்; அதை நிறைவாக்கும் முதல் ஆள் யார் என்று மட்டும் முறை சொல்லித் தரவில்லை.

"ஓடில், அடுப்புல நெருப்பு இருக்கா?"

"இருக்கு."

"கூடத்துல பிளம்ஸ் வச்சிருக்கியே, எனக்குக் கொஞ்சம் குடு. மாவும் வேணும்."

ப்ளூமா மாவு பிசைந்து தட்டத்தில் பரப்பி, பிளம்ஸ் பழங்களைப் பிளந்து ஓட்டுச் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சர்க்கரை தூவினாள். கைகள் எதையும் மறந்திருக்கவில்லை. அடை வெந்து, ஓரத்தில் ஊதாச் சாறு கொதித்து வழிந்தபோது மழை விட்டிருந்தது. துணியில் சுற்றிய சூட்டோடு அதை ஏந்திக்கொண்டு அவர்கள் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள்.

மெங்கோ வண்டிவீட்டின் படியில் நனைந்தபடியே உட்கார்ந்திருந்தான். பெட்டி காலடியில் இருந்தது, திறந்திருக்கவில்லை. ப்ளூமா அவன் எதிரில் கவிழ்த்த கூடையில் அமர்ந்து, அடையிலிருந்து ஒரு துண்டு பிய்த்து, தித்தா பார்க்க, பாபெட் பார்க்க, மெங்கோ பார்க்கத் தின்றாள். சூடு நாக்கைச் சுட்டது. நிறுத்தாமல் முழுத்துண்டையும் தின்று முடித்தாள்.

"சர்க்கரை கம்மி" என்றாள்.

"எப்பவும் கம்மியாத்தான் போடுவ" என்றான் மெங்கோ. "எனக்கு ஒரு துண்டு குடு."

தின்று கையைத் துடைத்துக்கொண்டபின் அவன் பெட்டியின் கொக்கிகளைத் திறந்தான். மூன்று ஆண்டுகளாக அடைபட்டிருந்த மரத்தின் வாசனை வெளியே வந்தது. காயம்பட்ட விரலை நீட்டிக்கொண்டே மெல்லத் தந்திகளை முறுக்கினான். மூன்றாவது தந்தி சட்டென்று அறுந்து மணிக்கட்டில் அடித்தது. பெர்லா பயந்து பின்வாங்கினாள்.

"பயப்படாதே. இதுக்கும் என்னை மாதிரி வயசாயிடுச்சு" என்றான். மிஞ்சிய ஐந்து தந்திகளில் சுருதி சேர்த்து, ஒரே ஒரு முறை கையை மேலிருந்து கீழாக இழுத்தான். ஓசை ஆற்றின்மேல் போயிற்று. அதற்கு மேல் அன்று வாசிக்கவில்லை. மெத்தென்ற விரல் நுனிகளில் தந்தியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை உணவக முதலாளி வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. மெங்கோ ஸ்திராஸ்பூரில் வாசிக்க ஒப்புக்கொண்டான். ஆனால் விரல் ஆறி, நுனிகள் காய்ப்பதற்காக நவம்பர் நடுவில்தான் வருவதாகச் சொன்னான். தாள கிட்டாருக்கு ஒருவரை அமர்த்தட்டுமா என்று முதலாளி கேட்டார். இந்தக் குளிர்காலம் தனியாகவே வாசிப்பதாகவும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றும் மெங்கோ கூறினான். முதலாளி காரணம் கேட்டார். அது அவருக்குச் சொல்லப்படவில்லை. அந்த வால்ட்ஸை யாரும் வாசிப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். இசைத்தட்டை ஓடில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். எரிக்க வேண்டும் என்றாள் ப்ளூமா. வேண்டாம் என்றாள் தித்தா. கடைசியில், அது வண்டிவீட்டுக்குள் வரக்கூடாது, எரிக்கவும் கூடாது, ஓடில் வீட்டு அலமாரியில் இருக்கட்டும், பெர்லா கேட்கும்போது மட்டும் அவளுக்குப் போட்டுக் காட்டலாம் என்று முடிவாயிற்று. பெயரைப் பற்றி எவரும் பேச்செடுக்கவில்லை. அது முன்போலவே சொல்லப்படாமல் இருக்கும்.

தித்தாவின் பாட்டைப் பற்றி எதுவும் முடிவு செய்யவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆற்றில் துணி அலசும்போது அவளே பாடினாள்.